அழாத பிள்ளைகளின் எடை

முனிரத்னம்மா மூன்றாவது முறையாக வந்தபோதுதான் காவலாளி அவரை உள்ளே விட்டார். முதல் இரண்டு முறையும், "ஆஸ்பத்திரி கேஸ் எல்லாம் இங்க பாக்க மாட்டாங்கம்மா, இது ஆராய்ச்சி பண்ற இடம்" என்று வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார். மூன்றாம் முறை முனிரத்னம்மா பேச்சே கொடுக்கவில்லை. தடுப்பூசி மருந்து கொண்டுபோகும் நீலப் பெட்டியைக் காவலாளியின் மேசைமேல் வைத்து, "இதுல தாய்ப்பால் இருக்குது. வெயில்ல கெட்டுப்போச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

அப்படித்தான் அந்தப் பெட்டி ஓசூர் ஆய்வு மையத்தின் இரண்டாம் மாடிக்கு, டாக்டர் இமாகுலேட்டின் அறைக்கு வந்து சேர்ந்தது.

இமாகுலேட்டுக்கு நாற்பத்திரண்டு வயது. தூத்துக்குடிக்காரி. தெரிந்தவர்களுக்கு இமா. உடம்புக்குள் கொழுப்பு எப்படிச் சேதி சொல்கிறது என்பதுதான் இருபது வருடமாக அவள் படிப்பு. நிலையாக ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள். போனில் பேசினாலும் நடந்துகொண்டேதான் பேசுவாள். வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

"நான் கிராம சுகாதார செவிலியர் மேடம். போன் செய்யற கம்பெனி இருக்குதில்ல, அதை ஒட்டின காலனி எங்க ஏரியா." முனிரத்னம்மா பையிலிருந்து அட்டைகளை எடுத்து மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். குழந்தைகளின் எடை எழுதும் அட்டைகள். "பதினொரு பிள்ளைங்க. பொறந்தப்ப எல்லாம் நல்ல எடை. அப்புறம் ஏறவே மாட்டேங்குது. இந்தப் பாப்பாவுக்கு மூணு மாசம் முடிஞ்சுது. அஞ்சு கிலோவுக்கு மேல இருக்கணும். மூணு கிலோ நானூறுதான் இருக்குது."

"ஆஸ்பத்திரிக்குக் காட்டலையா?"

"காட்டாம இருப்பனா? இதயம் பாத்தாங்க, தைராய்டு பாத்தாங்க, ரத்தம், மூத்திரம் எல்லாம் பாத்தாங்க. ஒண்ணும் இல்லைன்னு சொல்லி, தாய்ப்பால் சரியாக் குடுக்கச் சொல்லுங்கன்னு அனுப்பிட்டாங்க. அம்மாங்ககிட்டப் பால் இல்லாமல்லாம் இல்ல. கட்டிக்கினு வலிக்குது. பிள்ளைங்க கேக்க மாட்டேங்குது."

"கேக்க மாட்டேங்குதுன்னா?"

"அழ மாட்டேங்குது மேடம். பதினொண்ணுல ஒண்ணுகூடப் பசின்னு அழுது நான் பாக்கல. ஊசி போட்டா அழுது. வயித்துக்காக அழறதில்ல."

இமாவின் நடை நின்றது.

"இந்தப் பதினொரு அம்மாவும் அந்தக் கம்பெனியில பசிக்காம இருக்கறதுக்கு 'போதும்' மாத்திரை சாப்பிட்டவங்க. சாப்பிடாதவங்க வீட்டுப் பிள்ளைங்க அழுது ஊரைக் கூட்டுது. நெட்ல தேடினா அந்த மருந்தைக் கண்டுபிடிச்சது நீங்கன்னு போட்டிருக்குதாம். என் பொண்ணுதான் பாத்துச் சொன்னா. அதான் வந்தேன்." கடைசி அட்டையைத் தனியாக நகர்த்தி வைத்தார். "பதினொண்ணுன்னு பழக்கத்துல சொல்றேன். இந்தப் பிள்ளை போன வியாழக்கிழமை போயிடுச்சு."

அந்த அட்டையில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

இமா மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. பதினான்கு வருடங்களுக்கு முன் அவள் செய்தது ஒரு கருவி. எலியின் குடல் செல்லைப் படிப்பதற்கு, பொடியாகக் கண்ணாடிக் குப்பியில் இருந்த ஒரு கருவி. அதை இந்த அம்மாளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே தொடங்கினாள்.

"சாப்பாட்டுல இருக்கிற கொழுப்பு குடலுக்கு வந்ததும், குடல் ஒரு சின்ன கொழுப்புத் துணுக்கைச் செய்யும்மா. அது போய் நரம்பைத் தட்டும். மூளைக்கு 'வயிறு ரொம்பிடுச்சு'ன்னு சேதி போகும். சேதி போய்ச் சேர்ந்ததும் ஒரு நொதி வந்து அந்தத் துணுக்கை வெட்டிப் போட்டுடும். அப்படி வெட்டினாத்தான் மறுபடி பசிக்கும். நான் செஞ்ச மூலக்கூறு அந்த நொதியோட வாய்க்குள்ள போய் அடைச்சுக்கும். நொதி வேலை செய்யலைன்னா என்னென்ன மாறுதுன்னு பாத்துத் தெரிஞ்சுக்கிறதுக்காகச் செஞ்சது. வேற வேற மாதிரி செஞ்சு பாத்ததுல நாப்பத்தொண்ணாவதுதான் சரியா அமைஞ்சுது."

"அதை எடுத்து மனுசனுக்குக் குடுத்துட்டாங்க."

"ஆமா."

"நீங்க வேணாம்னு சொல்லலையா?"

இமா அந்த நீலப் பெட்டியைத் திறந்தாள். பத்துக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது.

பாலிலிருந்து கொழுப்பைப் பிரித்துச் சோதனை இயந்திரத்துக்குள் வைத்துவிட்டாள். முடிவு வர நான்கு மணி நேரமாகும். அதுவரை அந்த அறைக்குள் இருக்க அவளால் முடியாது. "உங்க காலனிக்குப் போகலாமா?" என்று கேட்டாள்.

*

வரிசை வீடுகள். ஒவ்வொன்றும் ஒரே அறை, பின்னால் ஒரு சமையல் மூலை. அந்தத் தெருவில் நடக்கும்போது இமாவுக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வீடு குழந்தைத் துணி காய்கிறது. மத்தியான நேரம். சத்தம் மட்டும் இல்லை.

மாதேஸ்வரிக்கு இருபத்து நான்கு வயது. பென்னாகரத்துக்குப் பக்கத்து ஊர். கணவன் லாரியில் போனால் பதினைந்து நாள் கழித்துத்தான் வருவான். பாயில் படுத்திருந்த பெண் குழந்தை இமாவைப் பார்த்துச் சிரித்தது. பெரிய கண்கள். காதுக்குப் பின்னால் தோல் சுருங்கியிருந்தது. கையை நீட்டினால் விரலைப் பிடித்தது. பிடியில் வலு இல்லை.

"தன்விகான்னு பேரு வெச்சிருக்கோம்" என்றாள் மாதேஸ்வரி. "எல்லாரும் சொல்வாங்க மேடம், இந்த மாதிரி பிள்ளை கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்னு. தொந்தரவே இல்ல. நானும் அப்படித்தான் நெனச்சேன். நர்ஸக்கா வந்து எடை போட்டதும்தான் பயம் வந்துச்சு."

"மாத்திரையை எப்ப நிறுத்தினே?"

"நாள் தள்ளிப்போச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கே. மாத்திரை அட்டையில போட்டிருந்துச்சு, கர்ப்பமா இருக்கிறவங்க சாப்பிடக் கூடாது, நிறுத்தினா மூணு நாள்ல உடம்பை விட்டுப் போயிடும்னு. ஒரு வருசம் ஆகப்போகுது மேடம். நான் எந்தத் தப்பும் பண்ணல."

"நீ தப்புப் பண்ணேன்னு யாரும் சொல்லலைம்மா."

"மாமியார் சொல்றாங்க." குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "அந்த மாத்திரையைத் திட்டவும் எனக்கு மனசு வரல. எங்க வீட்ல அஞ்சு பேர் மேடம். சின்ன வயசுல பசிக்காத நாளே எனக்குத் தெரியாது. ஸ்கூல்ல மத்தியானச் சோறு போட்டா, ஞாயித்துக்கிழமை ஏன் வருதுன்னு இருக்கும். கம்பெனியில சேந்து அதைப் போட்டுக்கிட்ட அந்த ரெண்டு வருசம்தான் வயித்தைப் பத்தி நெனைக்காம இருந்தேன். காலையில கொஞ்சம் கஞ்சி குடிச்சா அடுத்த நாள் வரைக்கும் ஒண்ணும் கேக்காது. மனசு அவ்ளோ லேசா இருக்கும்."

"இப்ப பசிக்குதா உனக்கு?"

மாதேஸ்வரி யோசித்தாள். "சாப்பிடணும்னு தெரியும். பால் குடுக்கணுமேன்னு சாப்பிடறேன். பசின்னா..." உதட்டைப் பிதுக்கினாள்.

இமா எழுந்துவிட்டாள். அந்தச் சின்ன அறையில் நடக்க இடமில்லை. வாசலில் போய் நின்றாள். நிறுத்தி ஒரு வருடமாகியும் இவளுக்குப் பசிக்கவில்லை. ரத்தத்தில் மூன்று நாளில் இல்லாமல் போகிற மூலக்கூறு வேறெங்கே போய் உட்கார்ந்திருக்கும்? பதில் அவளுக்குத் தெரியும். பதினான்கு வருடமாகத் தெரியும்.

*

பத்துக் குப்பியிலும் இருந்தது. திரையில் பத்துக் கோடுகள், எல்லாம் ஒரே இடத்தில் எழுந்து ஊசிமுனைபோல் நின்றன. ரத்தத்தில் இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட அளவைப்போல நாற்பது மடங்கு, பாலின் கொழுப்பில்.

இமா தன் பழைய ஆய்வுக் கட்டுரையைத் திறந்தாள். அதன் பின்னிணைப்பில், யாரும் படிக்காத ஒன்பதாவது அட்டவணையில் ஒரு வரி இருந்தது. மருந்தை நிறுத்தித் தொண்ணூறு நாள் கழித்து எலிகளின் இடுப்புக் கொழுப்பில் அந்த நாற்பத்தொன்றாம் மூலக்கூறு மிச்சம் இருந்தது. பக்கத்தில் அவள் எழுதிய குறிப்பு: செல் ஆய்வுக்கு இது தேவைப்படாது.

மறுநாள் காலை அந்த அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு கோதண்டபாணியைப் பார்க்கப் போனாள்.

கோதண்டம் அவளோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவன். நாற்பத்தொன்றாம் மூலக்கூறை வெளியே எடுத்துப் போய் மருந்துக் கம்பெனி தொடங்கியவன். அப்போது அவளையும் கூப்பிட்டான். அவள் போகவில்லை, தடுக்கவுமில்லை. இப்போது தலை நரைத்து, கன்னம் ஒட்டி, பெரிய மேசைக்குப் பின்னால் நேராக உட்கார்ந்திருந்தான். மேசைமேல் ஒரு தண்ணீர்ப் புட்டி மட்டும் இருந்தது.

அட்டவணையை இரண்டு முறை படித்தான்.

"நாங்க ரத்தத்துலதான் தேடினோம் இமா. அரசு கேட்ட சோதனையெல்லாம் பண்ணோம். எதையும் மறைக்கல."

"தெரியும். கொழுப்புல உக்காந்திருக்கிறதை நீ தேடல, நான் தேடியும் பெருசா எடுத்துக்கல. பிள்ளை பெத்தவ உடம்பு என்ன பண்ணும்? சேத்து வெச்ச கொழுப்பையெல்லாம் கரைச்சுப் பாலாக்கும். ரெண்டு வருசமாச் சேந்ததை மொத்தமா எடுத்துப் பிள்ளை வாயில ஊட்டுது. பொறந்த நாள்லேர்ந்து அந்தப் பிள்ளைக்கு வயிறு ரொம்பினாப்லயே இருக்கு. செத்துப்போற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்."

கோதண்டம் கண்ணை மூடித் திறந்தான். "எனக்கு மூணு மாசம் குடு. குழந்தை பெத்தவங்களுக்கு எல்லாம் எச்சரிக்கை அனுப்பறேன். புட்டிப்பால் இலவசமாத் தரச் சொல்றேன். மாத்திரையை மட்டும் உடனே நிறுத்தச் சொல்லாதே."

"ஏன்?"

"லாபத்துக்குன்னு நெனைக்கிறே. அது இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீ ஒரு தடவை அந்த போன் கம்பெனிக்குள்ள போய்ப் பாத்திருக்கியா? கேன்டீன் இருந்த எடத்துல இப்ப ரெண்டு அசெம்ப்ளி லைன் ஓடுது. மத்தியானச் சாப்பாட்டு நேரமே கெடையாது. பத்து நிமிசம், தண்ணி குடிக்க. ஒரு கம்பெனி இல்ல, இந்தப் பக்கம் பூரா அப்படித்தான். மாத்திரையை நீ நிறுத்திடுவே. பசி வந்துடும். சாப்பாட்டு நேரம் வருமா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் இமாவை அதிகம் கலைத்தது. ஜன்னல் பக்கம் போனாள், திரும்பினாள்.

"நீ கடைசியா எப்ப பசிச்சுச் சாப்பிட்டே கோதண்டம்?"

"ஞாபகம் இல்ல" என்றான். அவன் அன்றைக்கும் பொய் சொல்லத் தெரியாதவன்தான். "என் பொண்டாட்டி சமைக்கிறதை விட்டுட்டா. யாருக்குன்னு கேக்கிறா. வீட்ல நாலு பேரும் நாலு ரூம்ல இருக்கோம்."

"மூணு மாசத்துல இன்னும் எத்தனை பிள்ளைங்க போகும்?"

அவன் அந்தக் காகிதத்தை அவள் பக்கமாகத் தள்ளினான். "எழுதி அனுப்பு. நான் மறுத்துப் பேச மாட்டேன்."

அன்றே எழுதினாள். பத்துப் பாலின் கணக்கு, பதினொரு அட்டை, ஒன்பதாவது அட்டவணை, அதன் பக்கத்தில் தான் எழுதிவைத்த குறிப்பு, எல்லாவற்றையும் தன் பெயரோடு அரசுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்பினாள். குறிப்பை விட்டுவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. விடவில்லை.

*

அரசு முடிவெடுக்க நாள் பிடிக்கும். குழந்தைகளுக்கு அவ்வளவு நாள் கிடையாது.

"அழட்டும்னு காத்திருந்தா நடக்காது" என்றாள் இமா. காலனியின் பால்வாடிக்குள் பத்துத் தாய்மாரும் உட்கார்ந்திருந்தார்கள். "இனிமே பசியை நம்பக் கூடாது. கடிகாரத்தைப் பாத்துக் குடுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. இப்போதைக்குப் புட்டிப்பால்தான். தாய்ப்பாலைப் பீச்சிக் கொட்டிடணும். உங்க உடம்புல இருக்கிறது பால் வழியாத்தான் சீக்கிரம் இறங்கும். வாரா வாரம் நான் சோதிச்சுப் பாக்கறேன். சுத்தமானதும் நானே வந்து குடுக்கச் சொல்றேன்."

"கொட்டணுமா?" என்றாள் ஒருத்தி.

மாதேஸ்வரி குனிந்து தன் ரவிக்கையின் ஈரத்தைப் பார்த்தாள். "சரிக்கா, கொட்டிடலாம்" என்றாள். அன்றிலிருந்து இமா அவளுக்கு மேடம் இல்லை.

பிள்ளைகள் லேசில் குடிக்கவில்லை. நாலு வாய் குடித்ததும் தலையைத் திருப்பிக்கொண்டன. அவற்றின் உடம்பு போதும் போதும் என்று சொல்லிக்கொண்டிருக்க, தாய்மார் கன்னத்தைத் தட்டி, பாதத்தைச் சுரண்டி, சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். மடியில் கிடந்து சிரிக்கிற குழந்தைக்கு வலுக்கட்டாயமாகப் பால் ஊட்டுவது எத்தனை கஷ்டம் என்று இமா அப்போதுதான் பார்த்தாள். அழுகிற பிள்ளைக்குக் கொடுத்தால் கொடுத்தவளுக்கு ஒரு நிறைவு இருக்கும். இங்கே அதுவும் இல்லை. முனிரத்னம்மா ஒரு விசில் வாங்கிக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தெருவில் நடந்து விசில் ஊதினார். அவர் வேறு ஊருக்குப் போன நாளில் இமா ஊதினாள். வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரில் தினமும் வந்தாள்.

தன்விகா முதல் வாரம் ஏறவில்லை. இரண்டாம் வாரம் அறுபது கிராம். முனிரத்னம்மா தராசைத் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்து எழுதினார்.

நாற்பதாம் நாள் 'போதும்' தடை செய்யப்பட்டது.

தொழிற்சாலைகளில் பசி மெதுவாகத் திரும்பியது. ஒல்லியாக இருந்தவர்களுக்கு முதலில் பசித்தது. மருந்தைச் சேர்த்துவைக்கக் கொழுப்பே இல்லாத உடம்பு, சீக்கிரம் காலியாகிவிட்டது. பதினொரு மணிக்கெல்லாம் கை நடுங்கி, சின்னச் சின்ன திருகாணிகள் கீழே விழுந்தன. இரண்டு பேர் இயந்திரத்தின் முன்னாலேயே மயங்கினார்கள். பக்கத்தில் நின்றவர்களுக்கு அது என்னவென்றே புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவில் விசில் ஊதிக்கொண்டு போன இமாவை முப்பது நாற்பது பெண்கள் வழிமறித்தார்கள். முன்னால் நின்றவள் தெய்வானை. அந்தத் தொழிற்சாலையில் பத்து வருடம் வேலை பார்த்தவள்.

"நீங்கதான நிறுத்தினது?"

"ஆமா."

"பிள்ளைங்களுக்காக நிறுத்தினீங்க, சரி. நாங்க ஒத்துக்கறோம். எனக்குப் பிள்ளை கெடையாது, இனிமே பெக்கவும் போறதில்ல. எனக்கு எதுக்கு நிறுத்தினீங்க? டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போனா வாசல்லயே வாங்கி வெச்சுக்கிறான். உள்ள உக்கார எடமில்ல, நேரமில்ல. உங்களுக்கு மத்தியானம் ஒரு மணியானா சாப்பாடு இருக்குது. நீங்க பசியைப் பத்திப் பேசலாம்."

"நீங்க சொல்றது சரிதாம்மா" என்றாள் இமா.

தெய்வானை சண்டைக்குத் தயாராக வந்தவள். சரி என்று சொன்னதும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். "சரின்னா சோறு வந்துடுமா?"

"வராது. நான் லேபுல இருக்கிறவ. நொதியை நிறுத்தத் தெரியும். உங்க கம்பெனிக்காரன்கிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியல."

கூட்டத்தின் ஓரத்திலிருந்து மாதேஸ்வரி முன்னால் வந்தாள். இடுப்பில் குழந்தை. "பேச வேணாம் தெய்வானக்கா. ஒரு மணிக்கு எல்லாரும் கையை எடுத்துடலாம். எவ்ளோ நேரம்தான் பாத்துட்டு நிப்பாங்க?"

புதன்கிழமை அப்படித்தான் நடந்தது. ஒரு மணிக்கு ஆயிரத்து இருநூறு பேர் கையை எடுத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டின் முன்னாலேயே தரையில் உட்கார்ந்தார்கள். சாப்பிட ஒன்றும் கிடையாது. சும்மா அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். மறுநாளும் உட்கார்ந்தார்கள். எட்டாம் நாள், கேன்டீன் இருந்த இடத்திலிருந்து ஒரு லைனைக் கழற்றினார்கள். சாப்பாடு நன்றாக இல்லை என்று தெய்வானை வந்து சொன்னாள். உப்பே போடுவதில்லையாம். சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது.

*

இமா ஆய்வு மையத்துக்குத் திரும்பி ஒரு மாதம் இருக்கும். பகல் மூன்று மணிக்கு மாதேஸ்வரி போன் செய்தாள். குரல் பதறியது.

"அக்கா, பாப்பாக்கு என்னமோ ஆயிடுச்சு. மூஞ்செல்லாம் செவந்துபோச்சு. காலை உதைச்சுக்கிட்டு ஒரே கத்தல். நர்ஸக்கா போனை எடுக்கல. சீக்கிரம் வாங்கக்கா."

பின்னால் கேட்ட சத்தத்தில் இமாவுக்கு அவள் சொன்னதே சரியாகக் காதில் விழவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே ஸ்கூட்டரை எடுத்தாள். காலனித் தெரு முனையில் திரும்பும்போதே கேட்டது. கரகரவென்று, மூச்சு வாங்கி வாங்கி, ஊரைக் கூட்டுகிற அழுகை.

வீட்டு வாசலில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். யார் முகத்திலும் ரத்தம் இல்லை. உள்ளே முனிரத்னம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். இமாவுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"எடுத்துப் பால் குடுடி பைத்தியம். பசி அது."

மாதேஸ்வரி நம்பாமல் இமாவைப் பார்த்தாள். போன வாரம்தான் அவள் பால் சோதனையில் சுத்தமாக வந்திருந்தது. இமா தலையசைத்தாள். குழந்தையை மார்போடு சேர்த்ததும் அழுகை அறுந்தது. அப்புறம் விழுங்குகிற சத்தம் மட்டும். அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

மற்ற ஒன்பதும் ஒவ்வொன்றாக அழத் தொடங்கின. ஒரே ஒரு குழந்தைக்கு மட்டும் இன்னும் இரண்டு மாதம் பிடித்தது.

*

கார்த்திகை மாதத்தில் ஒரு முற்பகல், முனிரத்னம்மா ஓர் அட்டையோடும் ஒரு குப்பித் தாய்ப்பாலோடும் வந்தார். இந்த முறை காவலாளி எழுந்து நின்று வழிவிட்டார்.

"புதுசா ஒண்ணு மேடம். காலனி இல்ல. பைபாஸ் தாண்டி பெரிய அபார்ட்மென்ட் இருக்குதில்ல, அங்க. நாலு மாசம். எடை ஏறல. அழறதில்லையாம்."

"அம்மா எங்க வேலை பாத்தாங்க?"

"கம்ப்யூட்டர் கம்பெனி. 'போதும்' தொட்டதே இல்லைன்னு சொல்லுது அந்தப் பொண்ணு. பொய் சொல்ற மாதிரி தெரியல."

பாலைச் சோதித்தாள் இமா. ஒன்றும் இல்லை. மறுபடி சோதித்தாள். துளிகூட இல்லை. அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. குடிக்கிற தண்ணீரில் கலந்துவிட்டதா? பசும்பாலிலா? தடை செய்த பிறகு அத்தனை மாத்திரையும் எங்கே போயிற்று? காரியம் கைமீறிவிட்டதா? மறுநாளே முனிரத்னம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாள்.

ஒன்பதாவது மாடி. ஹரிப்ரியா கதவைத் திறந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. காதில் மாட்டிய கருவியில் ஏதோ மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது, அதை அணைத்துவிட்டு வந்தாள். அவள் கணவன் சஞ்சீவன் உள்ளறையிலிருந்து குழந்தையைத் தூக்கி வந்தான். குழந்தை சிரித்தது. அந்தச் சிரிப்பு இமாவுக்குப் பழக்கமானது.

"தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கறீங்களா?"

"பகல்ல புட்டிப்பாலும்" என்றாள் ஹரிப்ரியா. "அவர்தான் கலக்குவார். ரெண்டு பேருக்கும் வேலை. உதவிக்கு யாரும் இல்ல."

"புட்டியைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க."

சஞ்சீவன் அசையவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். முனிரத்னம்மா அவன் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் இமா.

"மூணு வாரம்." "பழைய 'போதும்' மாத்திரைப் பட்டை ஒண்ணு ஆபீஸ் டிராயர்ல கெடந்துது. கால் மாத்திரைதான் மேடம். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை. ஒரேடியா அழுதுட்டே இருப்பான். காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான். டாக்டர்கிட்டப் போனா நார்மல்னுதான் சொன்னாங்க. நான் போன் கால்ல இருக்கும்போது மேனேஜர் கேக்கிறாரு, அது என்ன சத்தம்னு..."

ஹரிப்ரியா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அவளுக்கு அது தெரியாது.

"இதைக் குழந்தைக்குக் குடுக்கலாம்னு யார் சொன்னது உங்களுக்கு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். கேள்வி விளங்காதவன்போல இருந்தது முகம். "நீங்கதான் மேடம்."

போனைத் தேடி எடுத்து நீட்டினான். அவள் கொடுத்த பேட்டிதான். தடை வந்த வாரம், காலனியில் நின்று பேசியது. மாதேஸ்வரியும் மற்றவர்களும் பார்ப்பார்களே என்று, அவர்கள் மனம் தேற வேண்டுமென்று, நிதானமாகப் பேசியிருந்தாள். குழந்தைகளுக்கு எந்த வலியும் இருந்திருக்காது, நன்றாகத் தூங்கியிருக்கும், சிரித்திருக்கும், அழ மட்டும் செய்திருக்காது. அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி யாரோ தனியாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை கீழே ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் கீழே, எந்த ஊரில் பழைய பட்டை கிடைக்கும் என்று வரிசையாக ஆட்கள் விசாரித்திருந்தார்கள்.

இமா அதைக் கடைசிவரை படிக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள். கால்கள் நடக்கச் சொல்லிப் பரபரத்தன. நடக்காமல் தரையில் உட்கார்ந்து, முனிரத்னம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"வேற புட்டி, புதுப் பால் கலக்கிட்டு வாங்க" என்றாள். "அதுல ஒண்ணும் போடாதீங்க."

குழந்தை நாலு வாய் குடித்துத் தலையைத் திருப்பியது. அவள் கன்னத்தைத் தட்டினாள். பாதத்தை விரலால் சுரண்டினாள். இன்னும் இரண்டு வாய் போயிற்று. முனிரத்னம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் நேரத்தைக் குறித்தார்.

"எத்தனை நாள் மேடம் ஆகும், பழையபடி ஆக?" என்று கேட்டாள் ஹரிப்ரியா. இவ்வளவு நேரமாக அவள் குழந்தையைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மூணு வாரம்தானே குடுத்திருக்காரு. ரெண்டு மாசத்துல சரியாயிடும்."

"அதுக்கப்புறம்..." ஹரிப்ரியா குழந்தையின் பக்கம் குனிந்தாள். "அழ ஆரம்பிச்சிடுவானா?"

அதை ஆசையோடு கேட்டாளா, பயந்து கேட்டாளா என்று இமாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "ஆமாம்மா" என்றாள், அவள் முகத்தைப் பார்க்காமல், புட்டியை மறுபடி குழந்தையின் வாயருகே கொண்டுபோனபடி.